தோம்பு பார்க்காத நாங்கள்

டென்மார்க்கில், ஸ்கீவயில் முதல் வீடு வாங்கியபோது, பின்வளவுக்குள்ளால் போகிற ஒரு கழிவுநீர்க் குழாயைப் பற்றி மட்டும் மூன்று பின்னேரம் கதைத்தோம். பக்கத்து வீட்டுக் குழாய் அது. எங்கள் நிலத்தின் ஒரு மூலையைக் கடந்து போகிறது, அதன்மேல் ஒரு கொட்டில்கூடப் போடக்கூடாது என்று நாங்கள் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிப் பதிந்து வைத்திருந்தார்கள். சட்டத்தரணி அந்த வரியில் விரலை வைத்து, விளங்கியதா என்று இரண்டு தரம் கேட்டார். விளங்கவில்லை என்றோம். ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் தமிழில் சொல்லித் தந்தாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தோம்.

அதே வருடம் யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் நாலு பரப்புக் காணி வாங்கினோம். ரெலிபோன் கார்ட்டில் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது. அதற்குள் விலை பேசி முடித்தாயிற்று. காணி யாருடைய பெயரில் இருக்கிறது, அவருக்கு அது சீதனமாக வந்ததா முதுசமாக வந்ததா, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இடையில் நின்று பேசித் தந்த அண்ணைக்கு மனம் நோகும் என்று நினைத்தோம்.

இதை ஒரு வீட்டின் கதையாக மட்டும் எழுதினால் அது பொய். 1980களின் நடுப்பகுதியிலிருந்து அகதிகளாக வந்து, யூலண்டின் சின்னச் சின்ன ஊர்களில் இருத்தப்பட்ட எங்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு பதினொரு நிமிடக் காணி இருக்கிறது. ஹேர்னிங் பிள்ளையார் கோயிலிலும் பிராண்டா அபிராமி அம்மன் தேரிலும் நாங்கள் கூடிக் கதைக்கிற கதையில் பாதி காணிக் கதைதான். "பரப்பு என்ன விலை போகுது?" என்று கேட்கத் தெரிந்திருந்தது. "தோம்பு பார்த்தியோ?", அதாவது காணிப் பதிவேட்டைப் பார்த்தாயா என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. காசைப் பறிகொடுத்தவர் வந்து சொல்லும்போது எல்லோரும் உச்சுக் கொட்டினோம். "ஏமாத்திப்போட்டாங்கள்" என்று ஊரைக் குற்றம் சொன்னோம். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டது நாங்கள்தான் என்ற பேச்சு அந்த இடத்தில் எழவே இல்லை.

டென்மார்க்கில் காணி, வீடு கைமாறுவதைப் பதிவதற்குத் திங்லுஸ்னிங் என்று பெயர். 'திங்' என்பது பழைய காலத்து ஊர்ச்சபை. வழக்குத் தீர்த்ததும் அங்கேதான். 'லுஸ்னிங்' என்றால் பலரறியச் சொல்வது. ஒருவர் நிலத்தை விற்றால் சபை நடுவே அதை உரத்து வாசிப்பார்கள். மறுப்பு உள்ளவர் அந்த இடத்திலேயே எழும்பிச் சொல்லலாம். காலப்போக்கில் வாசிப்பது போய் ஏட்டில் எழுதுவது வந்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் நடைமுறையில் உள்ள சட்டம் 1926இல் இயற்றியது. முன்னர் அந்தந்த இடத்து நீதிமன்றமே தன் பகுதி ஏட்டை வைத்திருந்தது; 2007இல் நாடு முழுவதற்குமாக ஹோப்ரோவில் ஒரு தனிப் பதிவு நீதிமன்றம் தொடங்கினார்கள். 2009 செப்டம்பர் 8இலிருந்து எல்லாம் கணினியில். தொடக்கத்தில் கோப்புகள் மலைபோலத் தேங்கின. வீடு விற்றவர்கள் பதிவு முடியாமல், காசும் கைக்கு வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு சீராயிற்று. ஸ்கீவயிலிருந்து ஹோப்ரோவுக்குக் காரில் ஒரு மணித்தியாலம். ஆனால் போகத் தேவையில்லை. வீட்டு மேசையில் இருந்து முகவரியை அடித்தால் ஏடு திறக்கும்.

திறந்தால் மூன்று பகுதி. முதலாவதில் உரிமையாளர் யார், அவருக்கு எந்த உறுதியால் அது வந்தது. இரண்டாவதில் அந்த வீட்டின்மேல் உள்ள கடன்கள், ஒன்றன்பின் ஒன்றாக, எது முன்னுரிமை என்ற வரிசையோடு. மூன்றாவதில் அந்த நிலம் சுமக்கிற நிபந்தனைகள்: வழி விட வேண்டும், குழாய் போகும், வேலி இவ்வளவுக்கு மேல் வளரக்கூடாது. எங்கள் வீட்டுக் குழாய் அந்த மூன்றாம் பகுதியில்தான் கிடந்தது. நிலத்துண்டின் எல்லையும் இலக்கமும் இன்னொரு ஏட்டில், நில அளவைப் பதிவேட்டில் இருக்கும். அதன் இன்றைய அடிப்படை 1844இல் நடைமுறைக்கு வந்தது. பதிந்த உரிமைதான் மற்றவர்களுக்கு எதிராக நிற்கும். பதியாமல் வைத்திருப்பதை நம்பி, அதை அறியாமல் வாங்கிப் பதிந்தவரோடு வழக்காட முடியாது. ஏட்டின் தவறால் நட்டம் வந்தால் அரசு ஈடு கொடுக்கும். அதனால்தான் இங்கே ஒரு வங்கி, முகம் தெரியாத எங்களைப் போன்ற ஒருவருக்கு இருபது முப்பது வருடக் கடன் கொடுக்கத் துணிகிறது.

இந்த ஏற்பாடு எல்லாவற்றையும் நாங்கள் பாவித்தோம். வீட்டின் நிலையைப் பற்றிய பரிசோதனை அறிக்கை வாங்கினோம். சட்டத்தரணி சரி சொன்னால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு வரி போடுவித்தோம். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட பிறகும் ஆறு வேலை நாளுக்குள், விலையில் நூற்றுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு விலகலாம் என்பதைத் தெரிந்து வைத்திருந்தோம். வீட்டை விற்ற கிழவி கோப்பி ஊற்றித் தந்தாள். தானாகவே எங்களை நிலவறைக்குக் கூட்டிப்போய், ஈரம் ஊறி உப்புப் பூத்திருந்த சுவரைத் தடவிக் காட்டினாள். நாங்கள் கேள்வி கேட்டதை அவள் அவமானமாக எடுக்கவில்லை. கேட்காமல் இருந்திருந்தால்தான் யோசித்திருப்பாள்.

ஊர்க் காணிக்கு வந்தால் எங்களுக்கு வேறு நாக்கு, வேறு முகம். "உறுதியை ஒருக்கா அனுப்பி விடுங்கோ அண்ணை" என்று சொல்ல வாய் வராது. சொன்னால் அடுத்த கேள்வி எப்படி வரும் என்று தெரியும்: "ஏன், ஆளில நம்பிக்கை இல்லையோ?" அந்தக் கேள்விக்குப் பயந்து எத்தனை ஆயிரம் குரோனர்களை அனுப்பியிருப்போம்! நம்பிக்கை என்றால் பார்க்காமல் இருப்பது என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நிச்சயமாக எங்கள் முன்னோர் அல்ல.

தேசவழமையைக் கொஞ்சம் திறந்து பார்த்தால் இது விளங்கும். யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசக்ஸ் 1707ஆம் ஆண்டளவில் எழுதித் தொகுத்தார். காணி விற்பதற்கு முன் உரித்துக்காரருக்கும் பங்காளிகளுக்கும் அறிவிக்க வேண்டும் என்பது அதில் இருக்கிற பழைய வழக்கம். ஒல்லாந்தர் காலத்தில் அந்த அறிவித்தலைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து சொல்லுவித்தார்கள். அதாவது டென்மார்க்கின் 'திங்' செய்ததையே யாழ்ப்பாணமும் செய்தது: நடுவில் நின்று உரத்துச் சொல்வது, மறுப்பவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது. பங்காளிகளும் உரித்துக்காரரும் முதலில் கேட்டு வாங்குகிற அந்த உரிமையை 1947இல் தனிச் சட்டமாகவும் ஆக்கினார்கள். அது இன்றைக்கும் இருக்கிறது. தோம்பு என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது, அந்த ஏட்டை ஒல்லாந்தர் ஊர் ஊராக எழுதி விரித்தார்கள். காணிப் பதிவகத்துப் பக்கத்தைப் போய்ப் பார்ப்பதற்கு எங்கள் தாத்தாமார் பாவித்த சொல் அது. அவர்கள் பார்த்தார்கள். ஒரு குழிக் காணிக்கு வழக்குப் பேசிய சனம் நாங்கள். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு என்று மனக்கணக்குச் சொல்லத் தெரிந்த சனம். விமானம் ஏறியதும் அந்தக் கவனத்தை எங்கே விட்டோம்?

ஒரு காரணம் எனக்குத் தெரியும், அதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. வாங்குவதை ஒளித்து வாங்கினோம். கொழும்பிலோ கனடாவிலோ உள்ள சொந்தத்துக்குத் தெரிந்தால் கண்ணூறு. "அவனுக்கு எங்கால காசு" என்று கதை வரும். சீட்டுக் காசு கேட்பார்கள். தங்கச்சியின் கலியாணத்துக்கு ஏன் தரவில்லை என்பார்கள். ஆகவே பங்காளிகளுக்கு அறிவிக்காமல், அயலுக்குத் தெரியாமல், இரகசியமாக எழுதுவித்தோம். உரத்துச் சொல்லத்தான் பதிவேடு என்று ஒன்று உண்டானது. நாங்கள் அதைக் குசுகுசுப்பாக்கிவிட்டு, பிறகு அது எங்களைக் காப்பாற்றவில்லை என்று அழுதோம்.

இலங்கையின் காணிப் பதிவகம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் நாங்கள் கேட்டு அறியவில்லை. உறுதி முடிக்கப்பட்டால் போதும், அது அரசாங்கம் தந்த உத்தரவாதம் என்று நினைத்தோம். அப்படி இல்லை. நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாமல் காணி விற்பனை செல்லாது என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். அந்த உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். அங்கே பதியப்படுவது ஆவணம், உரித்து அல்ல. விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று பதிவாளர் துருவிப் பார்க்க மாட்டார், அது அவருடைய வேலையும் இல்லை. அதைப் பார்க்க வேண்டியது வாங்குகிறவர். காணிக்குரிய பக்கத்தைத் திறந்து, குறைந்தது முப்பது வருடத்துக்குப் பின்னோக்கி ஒவ்வொரு உறுதியாக வாசித்து, யாரிடமிருந்து யாருக்கு, எந்தப் பங்கு, இடையில் ஈடு உண்டா, ஈடு மீட்டார்களா, வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா என்று சங்கிலியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உரித்தையே பதிந்து சான்று கொடுக்கிற முறைக்கு 1998இல் சட்டம் வந்தது, பிம் சவிய என்று திட்டமும் நடக்கிறது. நாடெங்கும் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

இன்னொரு சங்கதி இன்னும் கொடியது. நீங்கள் முதலில் வாங்கி, உறுதியைப் பதியாமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிறீர்கள். அதே ஆள் அதே காணியை இரண்டாம் ஆளுக்கு விற்கிறார். அந்த இரண்டாம் ஆள் காசு கொடுத்து வாங்கி, கள்ளமில்லாமல் முதலில் பதிந்துவிட்டால், அவருடைய உறுதிதான் முன்நிற்கும். எங்களில் ஒருவருக்கு இது நடந்தது. உறுதி முடித்த கையோடு பதியச் சொல்லி அவர் ஒரு கடிதம் போடவில்லை. பதிந்தாயிற்றா என்று கேட்கவுமில்லை. ஒன்பது வருடம் கழித்து விடுமுறைக்குப் போனபோது வளவைச் சுற்றி மதில். கதியால் வேலியை ஒவ்வொரு மாரிக்கும் ஒரு முழம் தள்ளிப் போடுகிற அயலவரைப் பற்றிச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த மனிதர், மதிலுக்கு வெளியே நின்று தன் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வந்து ஆறு மாதம் யாரோடும் கதைக்கவில்லை. நாங்களும் போய்க் கதைக்கவில்லை.

அடுத்தது பெயர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டவருக்கு இலங்கையில் காணி விற்பதைத் தடுக்கிறது. அடுக்குமாடி வீடு, இரட்டைக் குடியுரிமை உள்ளவர், நெருங்கிய உறவின் வழியாக வருகிற உரித்து, இப்படிச் சில விலக்குகள் உண்டு. டென்மார்க்கோ 2015 செப்டம்பர் 1ஆம் திகதிவரை இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. அதற்கு முன் டெனிஷ் கடவுச்சீட்டு எடுத்த நாங்கள், எங்கள் ஊரிலேயே சட்டப்படி வெளிநாட்டவர். இதை வைத்து இலங்கையை மட்டும் நோகவும் முடியாது. டென்மார்க்கிலும் 1959இலிருந்து அப்படி ஒரு சட்டம் இருக்கிறது: இங்கே வசிக்காதவர், முன்னர் ஐந்து வருடம் வசித்திராதவர், அனுமதி பெற்றுத்தான் வீடு வாங்கலாம். அந்த அனுமதி கொடுக்கிற அலுவலகம் இப்போது எங்களுக்குப் பக்கத்தில், விபோர்க்கில்தான் இருக்கிறது. ஜேர்மனியில் இருக்கிற மச்சான் சல்லிங் கரையில் ஒரு கோடை வீடு வாங்க ஆசைப்பட்டபோது, ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாக இருந்தும் கோடை வீட்டுக்கு அனுமதி இல்லாமல் முடியாது என்று நாங்களே அவருக்குச் சட்டம் சொன்னோம். எவ்வளவு திருத்தமாகச் சொன்னோம்!

ஊரில் என்ன செய்தோம்? தம்பியின் பெயரில், மாமாவின் பெயரில், அத்தானின் பெயரில் எழுதினோம். சென்னையில் வீடு வாங்க நினைத்தவர்களும் அதையே செய்தார்கள். இந்திய வம்சாவளியல்லாத வெளிநாட்டவர் அங்கே வசிக்காமல் வீடு வாங்க முடியாதென்று பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். இவ்வாறு பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் கள்ளர் அல்லர். அதைத்தான் நாங்கள் மறந்துவிட்டோம். தம்பியின் பெயரில் காணி வந்ததும் தம்பியின் மனைவிக்கு அது தன் வீட்டுச் சொத்து. அவன் செத்தால் அவனுடைய பிள்ளைகளுக்கு அது முதுசம். அவர்கள் ஏட்டில் உள்ளதை நம்பினார்கள். ஏட்டில் பொய்யை எழுதுவித்தது நாங்கள். அந்தப் பிள்ளைகளை வழக்கு மன்றத்தில் நிறுத்தியதும் நாங்கள்.

அற்றோணித் தத்துவத்தையும் அப்படித்தான் பாவித்தோம். டென்மார்க்குக்குரிய இலங்கைத் தூதரகம் ஸ்டாக்ஹோமில். ஒருதரம் எழுதி உறுதிப்படுத்தி அனுப்பினால் போதும் என்று, விற்க, ஈடு வைக்க, பிரிக்க, வழக்காட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தாளில் அதிகாரம் கொடுத்தோம். ஒரு காணிக்கு, ஒரு வேலைக்கு, ஒரு கால எல்லைக்கு என்று சுருக்கி எழுதலாம் என்பது தெரியாமல் இல்லை. இன்னொருதரம் அலைய மனமில்லை. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் அவரோடு முடிந்துவிடும். இங்கே ஐயாவை எரித்துவிட்டுச் சாம்பலை ஃபியோர்ட்டில் கரைத்த பிறகும், அங்கே அவருடைய தத்துவத்தில் உறுதி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. மரண அறிவித்தலை வானொலியில் போட்டோம். நொத்தாரிசுக்குப் போடவில்லை.

வீட்டுக்குக் காவல் இருந்தவர்களைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சை நினைத்தால் வெட்கம் வருகிறது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோதும், அதற்கு முன்னும் பின்னும், எங்கள் பூட்டிய வீடுகளில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வந்து இருந்தன. நாங்கள்தான் "இருங்கோ, வீடு பாழாகாமல் இருக்கும்" என்றோம். அவர்கள் கூரை மேய்ந்தார்கள், கிணறு இறைத்தார்கள், சோலைவரி கட்டினார்கள். வருடங்கள் போனபின் "பிடிச்சுப்போட்டாங்கள்" என்றோம். இலங்கைச் சட்டத்தில் பத்து வருடம் உரிமையாளருக்கு எதிராக, தடையில்லாமல் ஆண்டவர் ஆட்சியுரிமை கேட்கலாம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவருக்கு அந்த உரிமை அப்படி வந்துவிடாது. ஆனால் அனுமதி கொடுத்ததற்கு எங்களிடம் என்ன சாட்சி? ஒரு துண்டுக் கடிதம்? வாடகையாக மாதம் நூறு ரூபாய் வாங்கியதற்கு ஒரு பற்றுச்சீட்டு? ஒன்றும் இல்லை. ஒரு தாளில் ஆறு வரி எழுதியிருந்தால் அவர்களுக்கும் பயமில்லாமல் இருந்திருக்கும், எங்களுக்கும் வழக்கு வந்திராது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை, போரால் உரிமை கேட்க முடியாமல் போனவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. வழக்குப் போடக் கொடுத்த அவகாசம் குறுகியது. அந்த அவகாசம் ஓடிக்கொண்டிருந்தபோது எங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியும்? ஊர்ச் செய்தி ஒவ்வொரு நாளும் பார்த்தோம். தேர்தல் முடிவுகளை வட்டாரம் வட்டாரமாக மனப்பாடம் செய்தோம்.

கோப்பு ஒன்றைத் தூக்கி ஒரு பக்கத்தில் வைத்தால் மனிதருக்கு என்ன நடக்கும் என்பது டென்மார்க்கில் எங்களைவிட யாருக்குத் தெரியும்? 1987இல் நீதியமைச்சர் எரிக் நின் ஹான்சன், எங்கள் மனைவி பிள்ளைகளை இங்கே அழைக்கிற விண்ணப்பங்களைப் பரிசீலிக்காமல் நிறுத்தி வைத்தார். சட்டம் எங்கள் பக்கம் இருந்தது, கோப்பு நகரவில்லை. குண்டு விழுகிற ஊரில் அவர்கள் காத்திருந்தார்கள். விசாரணை நடந்தது, 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது, 1995இல் ஆட்சியாளரை விசாரிக்கிற உச்ச மன்றம் அமைச்சரைக் குற்றவாளியாகக் கண்டது. இந்த நாட்டு வரலாற்றில் அதற்குத் தமிழர் வழக்கு என்றே பெயர். எங்கள் கோப்புக்காக ஓர் அரசு விழுந்தது. நாங்களோ எங்களை நம்பி ஊரில் இருந்தவர்களின் கோப்புகளை முப்பது வருடம் அலுமாரியில் வைத்தோம்.

பிள்ளைகளுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு ஸ்கீவ வீட்டின் இலக்கம் தெரியும், கடன் எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். ஊர்க் காணிக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில்தான் உறுதியில் தேடவேண்டும் என்பது தெரியாது. நாவலடி, புளியடி, தரவை என்று நாங்கள் வாயில் வைத்திருந்த பெயர்களை அவர்கள் காதில் போடவில்லை. ஒரு மகன் கேட்டான்: "அப்பா, அங்கே வீட்டு இலக்கம் என்ன?" நாங்கள் சிரித்தோம். அவன் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

போன மாரியில் ஒரு சனிக்கிழமை ஆறு குடும்பம் ஒரு வீட்டில் கூடினோம். யாரும் பெரிதாகத் திட்டம் போடவில்லை. ஒரு செத்தவீட்டுக்குப் பிறகு, இறந்தவரின் பிள்ளைகள் ஒரு நீல பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து "இதுக்குள்ள என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். அதிலிருந்து தொடங்கியது. அவரவர் தகரங்களை, பொலித்தீன் பைகளை எடுத்துக்கொண்டு வந்தோம். மடித்த இடமெல்லாம் கிழிந்த தாள்கள். பழைய மை ஊதாவாக மங்கியிருந்தது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். கிழக்கு இன்னார் காணி, வடக்கு ஒழுங்கை, இதற்குள் அடங்கிய நிலம், கல்வீடு, வான்பயிர், செய்பயிர், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால். பிள்ளைகளுக்காக டெனிஷில் திருப்பிச் சொன்னபோது 'வான்பயிர்' என்ற சொல்லில் எல்லோரும் தடக்கி நின்றோம். வளவில் நிற்கிற மரங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அப்பால் போனோம்.

உறுதியின் ஓரத்தில் பதிவகத்து முத்திரை இருக்கும். அதற்குள் தொகுதியும் பக்கமும். அந்த இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதினோம். ஊரில் உள்ள ஒரு சட்டத்தரணிக்குக் கட்டணம் அனுப்பி, ஒவ்வொன்றின் பக்கத்தையும் தேடிப் பிரதி எடுத்துத் தரச் சொன்னோம். இரண்டு காணிகளுக்குப் பக்கமே ஒத்து வரவில்லை. ஒன்றில் எங்களுக்குத் தெரியாத மூன்று பங்காளிகள் இருந்தார்கள். முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர்களுக்கு ரெலிபோன் எடுத்தோம். ஒருவர் பாரிசில், ஒருவர் வவுனியாவில், ஒருவர் இறந்துவிட்டார்.

நாலாவது பிரதி எங்களில் மூத்தவருடையது. ஐயா அக்காவுக்கும் அவருக்குமாகப் பாதி பாதி எழுதிய வீட்டு வளவு. ஊருக்குப் போகும்போதெல்லாம் தன் பாதியைப் பிரித்துத் தரும்படி அக்காவோடு சண்டை பிடித்திருக்கிறார்; ஒரு கட்டத்தில் கதைப்பதையும் விட்டிருந்தார். பக்கத்தை அவரே உரத்து வாசித்தார். நன்கொடை உறுதிக்கு மேலே இன்னொரு பதிவு இருந்தது: 1986, ஈட்டு உறுதி. அதற்குக் கீழே, 1993, ஈடு மீட்டது.

"எண்பத்தாறு," என்றார். அந்த வருடத்தில்தான் அவர் வெளிக்கிட்டு வந்தது. வேறொன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ரெலிபோனை மேசையில் வைத்தபடியே அக்காவுக்கு எடுத்தார். அந்தப் பக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது. ஈட்டைப் பற்றிக் கேட்டார். "உன்ர ஏஜென்சிக் காசுக்குத்தான் ஐயா வைச்சவர். உனக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர்." மீட்டது யார் என்று கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சங்கிலி, காப்பெல்லாம் குடுத்து நான்தான் மீட்டனான். அது பழங்கதை. இப்ப ஏன் தோம்பெல்லாம் கிண்டுறாய்?"

தன் பாதியையும் அக்காவின் பெயருக்கே நன்கொடை உறுதியாக எழுதப்போவதாகவும், நொத்தாரிசோடு கதைத்துவிட்டுத் தத்துவம் ஒன்றை அந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுதி அனுப்பப்போவதாகவும் அவர் சொன்னார். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அழவும் இல்லை. பேர் எப்படி எழுதப்போகிறார்கள் என்றுதான் கேட்டார். "ஐயான்ர மகள் எண்டோ, அத்தான்ர பெண்சாதி எண்டோ? ஐடென்ரிக் கார்ட்டில ஒண்டு, பழைய உறுதியில ஒண்டு. அதை முதல் கேட்டுப்போட்டு எழுது தம்பி."

அவர் கொப்பியை இழுத்து அதை எழுதிக்கொண்டார்.